மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு விட்ட வட்டங்கள்

பாசமுள்ள மாப்ளே முருகேசா,

முதலில் முக்கியமான செய்தி. உனக்கு அஞ்சலியாக நான் போடும் சி.டி.யின் அட்டை வெளிர் நீலம் என்று முடிவாகிவிட்டது. இரண்டு மணி நேர விவாதம். பச்சை கடைசிவரை போராடித் தோற்றது. ஓசூர் இந்த நாளை மறக்காது.

உள்ளே இருப்பவை உன் ஆறு மெட்டுகள், என் சாக்ஸபோனில். ராகத்துக்கும் தாளத்துக்கும் அடங்காத ஜாஸ். கல்யாண மண்டபத்தில் ஒருமுறை வாசித்தபோது, "வாத்தியம் ரிப்பேருங்களாண்ணா?" என்று மேனேஜர் கேட்டாரே, அதே சங்கீதம்தான். எனக்குத் தெரிந்த ஒரே மேதை நீ. மேனேஜருக்கு அது தெரியவில்லை.

நம் ஆலையில் தகடு அடிக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றபடியேதான் நீ மெட்டுக் கட்டுவாய். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அது இறங்கும் என்பதால் எழுத முடியாது, முனகுவாய். டீ நேரத்தில், அன்றைய வேலை எழுதிய ஜாப் கார்டின் பின்பக்கம் குறித்து வைப்பாய். மெட்டில் பிரஸ் விழும் இடத்தில் ஒரு வட்டம். "வட்டத்துல மட்டும் வாசிக்காத மச்சான், அது மெஷினோட எடம்."

வாசிக்கவில்லை. ஆலை விடுமுறையன்று, தளியில் உன் வீட்டுக்காரி மஞ்சுளாவின் அப்பா ரோஜா கட்டும் கொட்டகையில் பதிவு செய்தோம். பாதியில் ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.

"பக்கத்துல ஏதோ மெஷின் ஓடுது சார். நிறுத்தச் சொல்லுங்க."

"ரோஜாவுக்கு ஏதுங்க மெஷினு?" என்றார் உன் மாமனார்.

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். வட்டம் வரும் இடமெல்லாம் 'தொம்'. ஒன்றுகூடத் தப்பவில்லை. வேகத்தைக் கூட்டி மறுபடி வாசித்தேன். தொம்மும் வேகமாக வந்தது. இருந்த காலத்தில் நீ இத்தனை சுத்தமாகத் தாளம் போட்டாயா?

எனக்கு அழிக்க மனமில்லை. 'பிரஸ்: முருகேசன்' என்று அட்டையில் போடவே நினைத்தேன். மஞ்சுளா ஆறு மெட்டையும் கேட்டாள். அழவில்லை.

"போயி ஒரு வருஷமாச்சு, இன்னுமா ஷிப்ட் முடியல? நின்னு நின்னு காலு வீங்கிடும். அனுப்பி வெச்சிடுங்கண்ணா."

வெள்ளிக்கிழமை எல்லாத் தொம்மையும் அழித்தோம். கோபமா மாப்ளே? வட்டங்கள் காலியாகவே இருக்கும். அங்கே நானும் வாசிக்க மாட்டேன், வேறு யாரையும் வாசிக்க விடமாட்டேன். சத்தியம்.

சனிக்கிழமை முதல் ஷிப்டிலிருந்து மூன்றாம் நம்பர் பிரஸ் இறங்கவில்லை. ஃபிட்டர்கள் இரண்டு முறை பிரித்துப் பார்த்தார்கள். பழுது எதுவும் இல்லை.

உன் மச்சான்,
செல்வம்