ஆறு பழைய கம்ப்யூட்டரும் ஒரு கூடையும்

12.8.94, வெள்ளி

கிள்ளான் கப்பல் சரக்கு ஆபீஸ்ல இன்னைக்குப் புது பைல் சர்வர் போட்டேன். புதுசா வாங்கின ரெண்டு கம்ப்யூட்டரும் உடனே சர்வரைக் கண்டுபிடிச்சிடுச்சு. பழைய ஆறுக்கும் அப்படி ஒன்னு இருக்குறதே தெரியல.

அங்க டைப் அடிக்கிற கிராணி லெட்சுமி அக்கா சாப்பாட்டுக் கூடையைத் தரையில கேபிள் மேலயே வச்சிருந்தாங்க. "இதான்க்கா காரணம்"னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். பாவம், கூடையை எடுத்துக்கிட்டு மேசையையே நகர்த்திக் கொடுத்தாங்க. கேபிளை மாத்தியும் ஒன்னும் நடக்கல.

சாயங்காலம்தான் சர்வர்ல நானே டைப் பண்ணின வரியைத் திரும்பப் பார்த்தேன். நெட்வொர்க் கார்டை இயக்குற டிரைவர் புரோகிராமைப் புது பிரேமுக்கு மட்டும் ஏத்தியிருக்கேன். பிரேம்னா கடிதத்துக்கு உறை மாதிரி. பழைய கம்ப்யூட்டருங்க பழைய உறையைத்தான் பிரிக்கும், புதுசைத் தொடவே தொடாது. அதே டிரைவரைப் பழைய பிரேமுக்கும் இன்னொரு தடவை ஏத்தினேன். ஆறும் வந்துடுச்சு!

ஒரே கார்டு, ஒரே வயரு. எந்த உறை யாருக்குன்னு அது எப்படித்தான் பிரிச்சுப் பார்க்குது? வீட்டுக்குத் திரும்புறப்ப பஸ்ல பிரிக்பீல்ட்ஸ் வர்ற வரைக்கும் மேனுவலைப் புரட்டினேன். எப்படி ஏத்துறதுன்னு போட்டிருக்கான், ஏன்னு போடல. நாளைக்கு ஒரு பழைய கார்டை வச்சு நானே சோதிச்சுப் பார்க்கணும்.

ஆபீஸ்லேர்ந்து கிளம்புறப்ப அக்கா கேட்டாங்க, "கேபிள்தானே தம்பி?"

"இப்ப ஓகேதான்க்கா"ன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டேன்.

அப்பவும் அவங்க கூடையைக் கீழ வைக்கல. மடியிலயே வச்சுக்கிட்டு டைப் அடிச்சாங்க.