பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

அக்டோபர் 19

கோத்தகிரியில் விடாமல் மழை. படுக்கையறைப் பின்சுவரில் நேற்று உள்ளங்கை அகலம் இருந்த ஈரம், இன்று பீரோ உயரத்துக்கு ஏறிவிட்டது. புது வீடு. ஜூனில்தான் குடிவந்தோம். பட்டுப்புடவையில் பூஞ்சை. பில்டர் டெனினுக்குப் போன் செய்தேன். "ஏனுங்க மேடம், மலைன்னா செவுரு வேர்க்கத்தானுங்க செய்யும்" என்கிறான். வேர்க்கிறதாம்! எங்கேயாவது ஓடிவிட்டு வந்ததா அது?

அக்டோபர் 27

டெனின் ஆள் அனுப்பினான். பெயிண்டர்! ஈரத்தின் மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 31

பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்கிறது. என் வீட்டுக்காரர் தரணிக்கு இருமல். ஹாலில்தான் படுக்கை.

நவம்பர் 8

மழை விட்டதும் வீட்டின் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தோம். மேட்டை வெட்டி, அந்த மண்ணோடு ஒட்டியே சுவரை எழுப்பியிருக்கிறான். இடைவெளி இல்லை, தண்ணீர் வடிய வழி இல்லை. மேலே பெய்கிற மழையெல்லாம் எங்கள் படுக்கையறைக்குத்தான் வருகிறது. அடுத்த மழைக்குள் சரிசெய்யாவிட்டால் சுவர் நிற்குமா?

கோயம்புத்தூர் வெயில் தாங்காமல் ஏப்ரலில் வந்து, சீசன் குளிரில் மயங்கி வாங்கினோம். மழையில் ஒருதடவை வந்து பார்க்கத் தோன்றவில்லையே. புத்தி எங்கே போச்சு எனக்கு?

ஆனால் கேட்டோமே! டெனின் வரிசையாகக் கட்டிய மூன்று வீடுகளில் எங்களுக்கு முன்பே குடிவந்திருந்த முதல் வீட்டு ரேணுகாவிடம் கேட்டோமே. டீ கொடுத்து, "ஒரு குறையும் இல்லீங்க, தைரியமா வாங்குங்க" என்றாளே.

நவம்பர் 16

கூரியர்காரன் எங்கள் பார்சலை ரேணுகா வீட்டில் கொடுத்துவிட்டான். வாங்கப் போனேன். திறந்திருந்த கதவு வழியாகப் படுக்கையறை தெரிந்தது. பின்சுவர் முழுக்கத் திரைச்சீலை. ஜன்னலே இல்லாத சுவருக்கு எதுக்குத் திரை? போய் விலக்கினேன். கன்னங்கரேலென்று பூசணம்.

அழுதுவிட்டாள். "உங்க ஊடு வித்துட்டா எங்க செவுத்த சரி பண்ணித் தர்றேன்னு டெனின் சொன்னானுங்க வேலாமணியக்கா. நம்பிட்டேன்."

பண்ணினானா? இல்லை. நல்லா வேணும். கன்னத்தில் ஓங்கி அறையலாமா என்றிருந்தது. பார்சலை மறந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 17

பேசமாட்டேன். இனி அவளோடு பேச்சே கிடையாது.

ஜனவரி 22

வெயில். சுவர் காய்ந்துவிட்டது. "பாத்தீங்களா, தன்னால சரியாயிருச்சு" என்று டெனின் போனில் சிரிக்கிறான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

ஏப்ரல் 11

டெனின் நேரிலேயே வந்தான், இனிப்புப் பெட்டியோடு. மூன்றாவது வீடு இன்னும் விற்கவில்லை. நாளை திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறதாம். "நாலு நல்ல வார்த்த சொல்லுங்க மேடம். அது முடிஞ்சதும் உங்க செவுருதான் மொத வேல."

தரணி தலையாட்டுகிறார்! "நமக்குக் காரியம் ஆகோணுமில்ல?"

சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது — சீ. அதுதான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 12

வந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் காயத்ரி. இடுப்பில் குழந்தை. "என்ன சுகமுங்க இந்தக் குளிரு!" என்றாள். போன ஏப்ரலில் நானும் இதையேதான் சொன்னேன். டெனின் பக்கத்திலேயே நின்று இளித்துக்கொண்டிருந்தான்.

படுக்கையறைக்குக் கூட்டிப்போய் பீரோவைப் பிடித்து இழுத்தேன். சுவர் காய்ந்திருந்தாலும் உதிர்ந்த பெயிண்டும் பூஞ்சைக் கறையும் அப்படியே இருந்தன. "நல்லாப் பாத்துக்குங்க. மழக்காலத்துல ஒருக்கா வந்து பாத்துட்டு அப்புறம் வாங்குங்க" என்றேன். டெனினுக்கு முகம் செத்துப்போனது. அவர்கள் கார் கிளம்பியதும், "இனி உங்க ஊட்டுக்கு ஒரு செங்கல்கூட வெக்கமாட்டேன்" என்று கத்தினான்.

வைக்காதே போ. தரணி என்னோடு பேசவில்லை.

மே 3

இன்று வேறொரு குடும்பம். டெனின் அவர்களை என் வாசல் பக்கமே விடாமல் நேராக ரேணுகா வீட்டுக்குக் கூட்டிப்போனான். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். ரேணுகா வாசலுக்கே வந்தாள். கையில் டீ இல்லை. கழற்றிய திரைச்சீலையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"உள்ள வாங்க. மொதல்ல செவுத்தப் பாருங்க."

மே 20

பின்பக்கம் பொக்லைன் நிற்கிறது. மூன்றாவது வீட்டை விற்க டெனினுக்கு வேறு வழியில்லை. மண்ணை வெட்டி எடுத்து, மூன்று வீட்டுக்கும் சேர்த்து வடிகால் போடுகிறான். என் முகத்தைப் பார்க்காமல், "எந்த ஊட்டுல ஆரம்பிக்கட்டும்?" என்றான்.

ரேணுகாமேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. பேசவும் இல்லை.

முதல் வீட்டில் ஆரம்பி என்றேன். எனக்கு முன்னாலிருந்தே காத்திருக்கிறாள்.