வால்நட் மருதாணி

இன்று காலை கராஜ் கூரையில் டொக் என்று ஒன்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அக்டோபர் வந்துவிட்டது என்று எனக்குச் சொல்வது காலண்டர் இல்லை, பக்கத்து வீட்டுக் கறுப்பு வால்நட் மரம்தான். வெளியே போய் ஒரு காயை எடுத்தேன். அதன் பச்சைத் தோலை நகத்தால் கீறியதுமே அந்த வாசனை வந்தது. எலுமிச்சைத் தோலையும் டிங்க்சரையும் சேர்த்துக் கசக்கின மாதிரி ஒரு நெடி. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நாளையோடு நீ போய் முப்பத்தொரு நாள்.

நாளை காலை உங்கள் மாதா கோயிலில் உனக்காகப் பூசை. நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் போனில் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கு முன்னால் நின்று பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். உன்னிடம் பேசுவதென்றால் வரும். அதனால் முதலில் உனக்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நியூ ஜெர்சியில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நீ கீழே, நான் மேலே. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் மதுரையிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நீ யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்து ஒரு வருஷம். அந்தப் பெட்டியைப் பற்றி நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இருவருக்கும் ஒரே வயது என்றாலும் நீ என்னை "நீர்" என்றுதான் சொல்வாய். எங்கள் ஊரில் சினிமா ராஜாக்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று நான் கேலி செய்தால், "அப்ப நீர் ராசாத்தியா இரும், எனக்கென்ன" என்பாய். நான் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, பின்னத் தெரியாமல் அலமாரியில் போட்டிருந்த நீலமும் வெள்ளையுமான ஒயர் கட்டுகளைப் பார்த்துவிட்டு, ஒரே வாரத்தில் ஆளுக்கொரு கூடை பின்னிக் கொடுத்தாய். என் கூடை இன்னும் கராஜில் தொங்குகிறது. கைப்பிடி மட்டும் லேசாக வெடித்திருக்கிறது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரரின் ஸ்டேஷன் வேகனில் நாம் நாலு பேரும் என் ஐந்து வயது மகளும் குயீன்ஸுக்குப் போவோம். நமக்கு வேண்டிய கடைகள் அப்போது அங்கேதான் இருந்தன. உளுந்து, புளி, கறிவேப்பிலை என்று கூடைகள் நிரம்பும். நீ ஒவ்வொரு முறையும் கறியில் வாசனைக்குப் போட ரம்பை இலை கேட்பாய், அவர்கள் ஒவ்வொரு முறையும் இல்லை என்பார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த அந்தச் சனிக்கிழமை எனக்கும் ஒன்று கிடைக்கவில்லை. மருதாணிப் பொடி தீர்ந்துவிட்டது. கடைக்காரர் அடுத்த மாதம் வாருங்கள் என்றார். தீபாவளி முடிந்த பிறகு எனக்கு எதற்கு மருதாணி? திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். நீ கத்தோலிக்கக்காரி, உனக்கென்ன, "தீபாவளி உமக்கு, முறுக்கு எனக்கு" என்று சொல்லிச் சிரித்தாய்.

அன்று சாயங்காலம்தான் கட்டடத்துக்குப் பின்னால் வால்நட் பொறுக்கப் போனோம். அந்த மரங்களுக்குச் சொந்தக்காரரான கிழவர், காய்கள் தன் புல் வெட்டும் மெஷினை உடைக்கின்றன, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தார். அணில்களோடு போட்டி போட்டு இரண்டு கூடையும் நிரப்பினோம். பச்சைத் தோல் சுலபத்தில் வராது. என் வீட்டுக்காரர் காய்களைத் தார்ரோட்டில் பரப்பி, அவற்றின் மேல் காரை முன்னும் பின்னும் ஓட்டினார். என் மகள் கைதட்டிக்கொண்டு அவருக்கு இங்கிலீஷில் வழி சொன்னாள். நசுங்கிய தோலை உரித்து, உள்ளேயிருந்த கொட்டைகளைக் காயவைத்தோம். அடுத்த மாதம் சுத்தியலால் உடைத்து, ஊசியால் தோண்டி எடுத்த பருப்பை முந்திரிக்குப் பதிலாகப் போட்டு, அல்வா மாதிரி இருக்கும் உங்கள் ஊர்த் தொதலை நீ கிண்டினாய். அது வாயில் ஒட்டிக்கொண்டு இழுத்த இழுப்பு இன்னும் நினைவிருக்கிறது.

நீ பாத்திரம் கழுவும் க்ளவுஸ் போட்டுக்கொண்டு தோல் உரித்தாய். நான் வெறுங்கையால் உரித்தேன். அரை மணி நேரத்தில் என் விரல் நுனிகள் பழுப்பாகிவிட்டன. சோப்புப் போட்டும் போகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய யோசனை வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. மருதாணி இப்படித்தானே பிடிக்கும்?

"முதல் ஒரு விரலிலை வைச்சுப் பாரும்" என்று நீ சொன்னாய். நான் கேட்டேனா? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. தோலை பிளெண்டரில் அடித்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டு, இரண்டு உள்ளங்கையிலும் பெரிய வட்டமும் சுற்றிலும் பொட்டுகளுமாக வைத்துக்கொண்டேன். என் மகளும் கையை நீட்டினாள். நீ அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாய். அதற்கு மட்டும் அன்றைக்கே உனக்கு நன்றி சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினால் வெறும் மஞ்சள். ஏமாற்றத்தில் மறுபடியும் அப்பினேன், சாந்து வழிந்து கை முழுவதும் பரவியதைக்கூடப் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை அடுப்புக்கரி. அங்கங்கே எரிச்சல் வேறு. புளி, எலுமிச்சை, கல் உப்பு எதற்கும் அசையவில்லை. பிளீச்சை எடுக்கப் போனேன். நீ புட்டியைப் பிடுங்கிக்கொண்டாய்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்கு இண்டர்வியூ இல்லாமல் இருந்திருந்தால்.

அந்த வேலையைக் கண்டுபிடித்ததே நீதான். ஷாப்பிங் சென்டரில் ஒரு துணிக்கடை. திரைச்சீலை, லேஸ், கல்யாண கவுனுக்கான வெள்ளை சாட்டின் எல்லாம் கஜக்கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், தைத்தும் கொடுப்பார்கள். ஆள் தேவை என்ற அட்டையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாய். எனக்கு கிரீன் கார்டு வந்தது அந்தக் கோடையில்தான். அதற்கு முன் நாலு வருஷம், பார்ட்டிகளில் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், ஜூஸ் எடுக்கிற சாக்கில் நகர்ந்துவிடுவேன். எனக்குத் தைக்கத் தெரியும். அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும். தைத்த சாம்பிள் ஒன்று கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு வெள்ளைக் குழந்தைக் கவுன் தைத்திருந்தேன், மார்பில் தேன்கூடு தையலோடு. அந்த வேலை எனக்கு வேண்டும். பசிக்கிறவளுக்குச் சோறு வேண்டியிருப்பது போல வேண்டியிருந்தது.

ஞாயிறு ராத்திரி என் வீட்டுக்காரர், "காய்ச்சல்னு போன் பண்ணிடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வருஷம் என்ற வார்த்தையை நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை உன் பழைய காரில் என்னை ஏற்றினாய். நீ லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம். ஃப்ரீவே என்றால் இன்னும் உனக்குக் கை வியர்க்கும், அதனால் உள் ரோடுகளாகவே போனோம். வழியில் ஒரு பெரிய கடையில் நிறுத்தச் சொல்லி, உள்ளே போய் சாம்பல் நிற க்ளவுஸ் ஒரு ஜோடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் என் கைகள் ஒரு சீமாட்டியின் கைகளாக இருந்தன. மனசு லேசாகிவிட்டது. நீ பக்கத்தில் வந்து நின்றாய்.

"க்ளவுஸ் போட்டுக்கொண்டு ஊசியிலை நூல் கோப்பீரோ?"

க்ளவுஸை இருந்த இடத்திலேயே வைத்தேன். காருக்குத் திரும்பியதும், "நான் போகல. இந்தக் கையோட எப்படிப் போறது?" என்று அழுதேன். அப்போதுதான் நீ காலையிலிருந்து கோட் பைக்குள்ளும் ஸ்டீயரிங்கின் மேல் கம்பளிக் க்ளவுஸுக்குள்ளும் ஒளித்து வைத்திருந்த உன் வலது கையை, க்ளவுஸைக் கழற்றிக் காட்டினாய். மணிக்கட்டு வரை கறுப்பு. பிளெண்டரில் மிஞ்சியிருந்த சாந்தை எனக்குத் தெரியாமல் கீழே எடுத்துப் போய், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நீ அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

"ஒருத்திக்கு இருந்தால் அது நோய். ரெண்டு பேருக்கு இருந்தால் அது வழக்கம். வாரும், போவம்" என்றாய்.

கடை மேனேஜர் கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடிக்காரி. என் கையைப் பார்த்தார், உன் கையைப் பார்த்தார், மறுபடியும் என் கையைப் பார்த்தார். எங்கள் பண்டிகை வழக்கம், வால்நட் சாறு என்று நீ துணிந்து சொன்னாய். பாதிப் பொய்தான். அவர் கோபப்படவில்லை. ஆனால் இந்தக் கை வெள்ளை சாட்டினைத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கே விடை தெரியாது.

கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். இரண்டு கையையும் நனைத்தேன். மூன்று வாரம் தைத்த அந்த வெள்ளைக் கவுனை மேஜையில் விரித்து, ஈரக்கையை அதன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். பத்து வரை மனசுக்குள் எண்ணினேன். கையை எடுத்தேன். துணியில் ஈரம் மட்டும் இருந்தது.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கறையைத் தேடினார். அப்படியே தையலையும் பார்த்துவிட்டார். கை வெளுக்கும் வரை பின்னறையில் ஓரம் அடிக்கலாம், புதன்கிழமை வா என்றார். பின்னறையோ முன்னறையோ, போனேன். மூன்று வாரத்தில் வெட்டும் மேஜைக்கு வந்தேன். அந்தக் கடையில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். எத்தனையோ பெண்கள் நான் வெட்டிய சாட்டினில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும், என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

நீ அப்போது முதியோர் இல்லம் ஒன்றில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தாய். உன் கையைப் பார்த்து அங்கே ஒன்றும் சொல்லவில்லையா என்று நான் கேட்டேன். க்ளவுஸ் போட்டுச் சமாளித்ததாகச் சொன்னாய். நானும் நம்பினேன். போன மாதம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து உன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, வால்நட் கதையைச் சொல்லி நான் சிரிக்க முயன்றேன். உன் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதே? அந்தக் கையாலை அவவை ஒரு மாதம் கீழை லாண்டரியிலை விட்டவை. ஆக்களைத் தொடக் கூடாதெண்டு. உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு எனக்குக் கட்டளை" என்றார்.

ஒரு மாதம், நிலவறையில், யார் யாருடைய அழுக்குப் படுக்கை விரிப்புகளையோ துவைத்துக்கொண்டு. சாயங்காலம் மேலே வந்து என் புது வேலை எப்படி என்று கேட்பாய். நானும் வாய் ஓயாமல் சொல்வேன். உன் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்க நீ இல்லை என்பதால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

அதனால் இன்று காலை படியிலிருந்து எழுந்து, நீ பின்னிக் கொடுத்த கூடையை எடுத்துப் போய் அதை நிரப்பிக்கொண்டு வந்தேன். தோலை நசுக்கி, பிளெண்டரில் அடித்தேன். இந்த முறை முதலில் ஒரு விரலில் வைத்துப் பார்த்தேன், உன் பேச்சைக் கேட்டு. பிறகு வலது கை முழுவதும். பூசைக்காக வெளியூரிலிருந்து வந்திருக்கும் என் மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது தாண்டிவிட்டாள். தமிழில் கேட்டால் இன்னும் இங்கிலீஷில்தான் பதில் வரும். அன்று நீ சாந்து படவிடாத கையை இன்று மறுபடியும் நீட்டினாள். இது மூன்று வாரம் போகாது, திங்கட்கிழமை ஆபீஸில் எல்லாரும் கேட்பார்கள் என்றேன்.

"கேக்கட்டுமே" என்றாள். உன் குரல் அப்படியே.

சாந்து காய்கிறது. இதை இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள். நாளை பேசும்போது வலது கையை மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன். ஒளிக்க மாட்டேன். இது என்ன என்று யாராவது கேட்டால், எங்கள் வழக்கம் என்று சொல்லப் போகிறேன். ரெண்டு பேர் இருக்கிறோம்.