முட்டுமரத்தில் இரண்டு வெட்டு

மார்ச் 3

மச்சானுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்குவீர்கள். நானேதான். உங்கள் தங்கை சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வாய் வரவில்லை, கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடிப்போன நம் தங்கச் சுரங்கத்தில் புதுக் கம்பெனிக்காரர்கள் தண்ணீரை இறைக்கிறார்கள். மிச்சத் தங்கத்தைத் தேட, பழைய ஆள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கண்ணெதிரே தங்கரேகை ஓட, "மேல்பாறை சரியில்ல, துளை போடாதீங்க" என்று நீங்கள் மறித்த இடத்திலும் தண்ணீர் வற்றிவிட்டது. அதைத் துளைக்காமல் நான் சாக மாட்டேன்.

மாப்பிள்ளை

மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோபத்திலாவது நினைத்தீர்களே. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அந்த ஈரப்பாறை வாசனை மூக்கில் ஏறிவிட்டது. துளை போட்டுக்கொண்டே பாடுவீர்களே, ஒரு சுரமும் சேராது. பாறை விழுந்தால் உங்கள் பாட்டுக்குத்தான் விழும் என்று சிரிப்போம். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று?

தங்கச்சியை ஒரு தடவையாவது அனுப்பிவையுங்கள். உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அவள் என் வாசலையே மிதிக்கவில்லை.

மச்சான்

மார்ச் 16

அன்புள்ள மச்சானுக்கு,

பாறையைத் தாங்க முட்டுமரம் நட்டு, மேல்பாறையைத் தட்டிப் பார்த்து, வெடி வைக்கலாம் என்று தோன்றினால் மரத்தில் கோடாலியால் இரண்டு வெட்டுப் போடுவீர்களே. நம் இடத்து மரத்தில் அந்த இரண்டு வெட்டு இருக்கிறது!

நான் சண்டை போட்டுக் கிளம்பிய பிறகு எனக்காக முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். மறுநாளே சுரங்கத்தை மூடிவிட்டதால் நான் பார்க்கவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதேன் மச்சான். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பம்புக்காரர் பயந்துபோனார்.

வருகிற வெள்ளிக்கிழமை அங்கே துளை போடுகிறேன். உங்கள் தங்கை இப்போதே பெட்டி கட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை

மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

'துளைக்க வேண்டாம்' என்ற என் தந்தி கிடைத்திருக்கும். காரணம் இது. அந்த வெட்டு உங்களுக்காகப் போட்டது இல்லை.

நீங்கள் போட்டுவிட்டுப் போன சாமான்களை எடுக்கும்வரை பாறை தாங்கட்டும் என்று, பக்கத்துப் பாதையில் நின்ற முட்டுமரத்தைப் பிடுங்கிவந்து நட்டேன். அந்தப் பாதைக்குப் போட்ட பழைய வெட்டைச் செதுக்கிவிட்டுத்தான் நடுவது வழக்கம். சண்டை போட்ட சூட்டில் மறந்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தங்கச்சி வந்திருப்பாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாறைக்கு அடியில் நிற்கப்போவது நீங்கள். அன்று சொன்னதையேதான் இன்றும் சொல்கிறேன். மறுபடியும் கோபித்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை. உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

மச்சான்

மார்ச் 24

மச்சானுக்கு,

தந்தி வந்தபோது சுரங்கத்துக்குள் போகும் கூண்டில் ஏறிவிட்டேன். படித்ததும் கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு மரத்தில் கம்பிக்கயிறு கட்டி, எட்ட நின்று இழுத்துப் பார்த்தோம். மரம் சாய்ந்ததும் மேல்பாறை மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. தங்கரேகை அதற்கு அடியில் போய்விட்டது. இனி அதை எவனும் எடுக்கப்போவதில்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. அதை நேரில் காட்டினால்தான் தீரும். உங்கள் தங்கை கட்டிய பெட்டியை அவிழ்க்கவே இல்லை. சனிக்கிழமை ரயிலில் இரண்டு பேரும் வருகிறோம்.

வந்தால் நான் பாடாமல் இருக்க மாட்டேன். உங்கள் வீட்டுக் கூரைக்கு ஒரு முட்டு வைத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை