கேரண்டி இல்லாத கேமரா

பெரியவனின் அப்பாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே நம் பேத்தி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாகிவிட்டாள். அவள் தம்பி தனியாளாகவே கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பேர் வாங்கிவிட்டான். நம் ரத்தம் சும்மா போகுமா!

சின்ன விஷயம் ஒன்று, கவலைப்படாதீர்கள். ஒரு கல்யாணத்தின் நடுவிலேயே அவன் கேமரா நின்றுவிட்டது. விலை குறைவென்று கேரண்டி இல்லாமல் வாங்கியது. நானும் அவனோடு கம்பெனிக்குப் போய்க் கேட்டால், "இது வேற நாட்டுல விக்க வேண்டியது பாட்டி, குறுக்கு வழியா வந்திருக்கு. நாங்க தொடமாட்டோம்" என்று திருப்பிவிட்டார்கள். இப்போது பிள்ளை வேறொருவருக்கு லைட் பிடிக்கிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை.

"அந்தக் கடையிலயே இன்னொண்ணு வாங்கிக்கறேன் பாட்டி. எல்லாமா கெட்டுப்போகும்?" என்கிறான்.

"கெட்டுப்போனா பல்லைக் காட்டியா படம் எடுப்ப? கம்பெனி கடையிலயே வாங்குடா" என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வர எடுத்துவைத்த பணத்தை அதற்குக் கொடுத்துவிட்டேன். நான் சமையல் வேலை செய்யும் வீட்டில் இன்னும் ஒரு வருடம் இருப்பதாகச் சொல்லியாயிற்று. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பருத்திச் சேலை இரண்டை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசனையோடு அப்படியே அனுப்புங்கள். மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். என்னிடம் இருப்பதில் உங்களுக்குத் தலை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.