பனிக்கட்டியில் பதினொரு மீற்றர்

2007 நவம்பர் 12, திங்கள்
கொழும்பில் எங்கள் ஏறுதல் கிளப்பை நடத்தும் பௌஸி சேர் இன்று கூப்பிட்டு ஒரு கடிதம் காட்டினார். சுவிஸில் பனிக்கட்டிச் சுவர் ஏறும் போட்டி. இதில் புதிதாகச் சேரும் நாடுகளுக்கென்று ஒரு இடம், டிக்கெட்டும் அவர்களே. இரண்டு வருடமாகக் கிளப்பின் பலகைச் சுவரில் பிள்ளைகளுக்கு ஏறப் பழக்குகிறேன். பனிக்கட்டியை ஜூஸ் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.
"ஒங்களுக்கு ஏற ஏலும், மாக்ரெட்," என்றார். வேறு யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

நவம்பர் 13
அம்மாவிடம் சொன்னேன். என்ன போட்டி என்று கேட்கவில்லை. "போனா திரும்பி வராதை," என்றா. சுவிஸில் இருக்கும் இரத்தினசிங்கம் மாமாவுக்கு உடனே போன் எடுத்தா. பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க நான் அகதியாகிவிட்டேன்.

டிசம்பர் 2
இரண்டு தெரு தள்ளி லொட்ஜில் தமிழரைத் தேடிப் பொலிஸ் சுற்றிவளைப்பு. பெட்டைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா என் பொலிஸ் பதிவுத் துண்டை மூன்று தரம் எடுத்துப் பார்த்தா. பிறகு பெட்டிக்குள் இரண்டு சேலை வைத்தா. பனிக்கட்டியில் சேலை எதற்கு? அது போட்டிக்கு இல்லையாம்.

டிசம்பர் 19
விசா கிடைத்தது. நான் திரும்பி வருவேன் என்று பௌஸி சேர் கையெழுத்து வைத்திருக்கிறார்.
"வாறதா இல்லியா எண்டு எனக்குச் செல்ல வாணாம்," என்றார். "ஏறிட்டு எவ்வளவு உயரம் எண்டு மட்டும் செல்லுங்க."

2008 ஜனவரி 10
சுவிஸ். சுவரைக் கண்டேன். நீலம். இருபத்திரண்டு மீற்றர். கையில் இரண்டு வளைந்த கோடரி, காலில் முள்ளுச் சப்பாத்து. ஓங்கி அடித்தேன், சாப்பாட்டுத் தட்டு அளவு துண்டு உடைந்து உதட்டில் விழுந்தது. விரல் மரத்துப்போய், பிறகு இரத்தம் திரும்பும்போது — என்ன நோ அது. அழுதிட்டன். கொரியாக்காரி ஒருத்தி பக்கத்தில் குந்தியிருந்து சிரித்தாள். அவளும் அழுதிருந்தாள்.

ஜனவரி 12
போட்டி. நாலு மீற்றரில் விழுந்தேன். முப்பத்தொரு பேரில் முப்பத்தோராவது.
மாமா காருடன் வந்திருந்தார். "சரி, முடிஞ்சுது. வா."
அடுத்த கிழமை வேறு ஊரில் இன்னொன்று இருக்கிறது என்றேன்.
"நீ இன்னும் ஏறப்போறியோ?" உண்மையிலேயே திகைத்துப்போனார்.

ஜனவரி 16
கொரியாக்காரிக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவளுடையது. அடிக்காதே, இருக்கிற ஓட்டையில் கோடரியைக் கொளுவு என்று கையால் காட்டினாள். நாள் முழுக்கக் கொளுவினேன்.

ஜனவரி 19
பதினொரு மீற்றர். நேரம் முடிந்துதான் இறக்கினார்கள், விழவில்லை. இருபத்தொன்பதாவது இடம்.
மாமா வந்தார். "பிள்ளை, அங்கை திரும்பிப் போய் என்ன செய்யப்போறாய்?"
என்ன செய்யப்போறன்? இஞ்ச நிண்டா அகதி முகாம், விசாரணை, வருசக்கணக்கு. கையெழுத்து வைச்ச மனிசனைத் தேடிப் போவாங்கள். அங்கை போனா எந்த நாள் எந்த பஸ்ஸோ. எல்லாம் விளங்குது. ஆனா எல்லாரும் பொய்யெண்டு நினைச்ச ஒண்டை நான் உண்மையாச் செய்திட்டன். அதையும் பொய்யாக்கவோ?
திரும்பிப் போகிறேன் என்றேன். மாமா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தந்தார். "பிளேனுக்குள்ள குளிரும்."

ஜனவரி 22
கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் விசாரித்தார்கள். வீட்டில் அம்மா கதவைத் திறந்தா. சோறு போட்டா. கதைக்கவில்லை.

ஜனவரி 23
பௌஸி சேரிடம் சொன்னேன். "பதினொண்டு," என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

பெப்ரவரி 9
அம்மா இன்னும் கதைக்கவில்லை.

மார்ச் 2
பக்கத்து வீட்டு றமீலா அக்கா வாசலில் அம்மாவிடம் கேட்டது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. சுவிஸுக்குப் போன பிள்ளை ஏன் திரும்பி வந்தது?
"எங்கட லூசியா கோயில் உச்சி இருக்கெல்லே," என்றா அம்மா. "அவ்வளவுக்கு ஏறினவள். பனிக்கட்டியில."
பதினொரு மீற்றர் அந்தத் தேவாலயத்தின் உச்சிக்குக் கிட்டவும் வராது. நான் வெளியே போகவில்லை.