நீ தனியாக நடந்த நூற்றாண்டுகள்

உன் நோட்டைத் திறந்தாலே ஆஸ்பத்திரி வாசனை வருகிறது. உன் காரியமெல்லாம் முடிந்து, போன வாரம் உன் அம்மா வேங்கிக்காலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து அதை என் மடியில் வைத்தார்கள்.

"கடைசி முப்பது பக்கம் உங்க பாஷையில எழுதியிருக்காம்மா. உன்ன விட்டா யாருக்குத் தெரியும்? ரொம்ப வலிச்சுதா, என் மேல கோவமா, ஏதாவது சொல்லியிருக்காளா பாரு."

நம் பாஷை! லத்தீனிலிருந்து பிரெஞ்சும் ஸ்பானிஷும் பிறந்த கதையைக் கல்லூரியில் நடத்திய அன்று நீ தொடங்கி வைத்தது. ரோமாபுரிக் கப்பல் ஒன்று இந்தப் பக்கம் கரைதட்டி, அந்த ஆட்கள் நம் மலையடிவாரத்திலேயே தங்கிவிட்டிருந்தால் அவர்கள் சந்ததி எப்படிப் பேசும்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போனோம். ஒரு சுற்று, ஒரு நூற்றாண்டு. நடந்து முடிப்பதற்குள் ஓர் உயிரொலியாவது மாறியாக வேண்டும். கதவுக்கு லத்தீனில் ‘போர்தா’. ஒரு சுற்றில் ஓ உடைந்து ‘புவோர்தா’ ஆனது. மறு சுற்றில் ‘புவேர்தா’. பிறகு கடைசி ஆவும் தேய்ந்து ‘புவேர்த்’. மாற்றங்களைக் குறித்து வைக்க என்னை நீ விட்டதே இல்லை.

"தன் பேச்சு மாறுதுன்னு எவனாவது எழுதி வெப்பானா? வாயில இருந்தா போதும்டி."

பாப்பா பிறந்தபின் நான் நடக்க வரவில்லை. நீ தனியாகச் சுற்றிவிட்டு, செங்கம் ரோட்டில் காபி குடித்தபடி போன் செய்வாய்.

"ஏய், இந்த வாட்டி ஏ எல்லாம் ஈ ஆயிடுச்சு!"

"பாப்பாவுக்கு ஜுரம்டி. அப்பறம் பேசறேன்."

"சரி சரி, கொள்ளுப்பாட்டி. நீ அந்தக் காலத்துலயே இரு."

அப்புறம் நான் பேசவில்லை. எத்தனை சுற்று தவறவிட்டேன் என்றுகூடத் தெரியாது. நான் விட்ட இடத்துக்கும் இந்தப் பக்கங்களுக்கும் நடுவே உயிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து, பல சொற்கள் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

படிக்க வரவில்லை என்று உன் அம்மாவிடம் சொல்ல வாய் எழவில்லை. "அம்மா நல்லா பாத்துக்கறாங்கன்னு எழுதியிருக்கா."

"எந்த வரி? காட்டு."

ஏதோ ஒரு வரியில் விரல் வைத்தேன். அதைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். மொத்தத்தையும் தமிழில் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாப்பா தூங்கும் மதியங்களில் அந்த வரியோடு உட்காருகிறேன். மெய்யெழுத்துகளைப் பிடித்துக்கொண்டு ஊகித்ததில் இரண்டு சொற்கள் கிடைத்தன. ஒன்று, ‘இன்றும்’. மற்றது, ‘வரவில்லை’. நீ படுத்திருந்த ஐந்து வாரமும், குழந்தைக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று பயந்து, நான் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

யார் வரவில்லை என்கிற சொல் இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டாலும் அம்மாவுக்கு வேறு ஏதாவது எழுதிக் கொடுப்பேன். அந்த வரி மட்டும் என்னோடு இருக்கும்.